மாவுக்கு எவ்வளவு

பந்தலடிக்குப் பின்னால், டயர் கடை மாடியில்
மூன்று கம்பெனிகளின் விலைப்பட்டியலை
ஒரே தாளுக்குள் அடைக்கப் பார்க்கிறேன்.
அறுவடை எந்திரம் வாடகைக்குப் பிடித்துத் தரும் ஆப் எங்களுடையது.
குபர்நெட்டிஸ் ஓட்ட எவனிடம் மலிவு என்று
நாளைக்குள் சொல்ல வேண்டும், முதலாளி செல்வமேரிக்கு.

முதலாமவன்
கிளஸ்டரை மேய்க்க மணிக்கு எட்டு ரூபாய் கேட்கிறான்.
மேய்ப்பதற்குக் காசில்லை என்கிறான் இரண்டாமவன்;
பிறகு லோட் பேலன்சர், டிஸ்க், ஐபி முகவரி என்று
கல்யாண மண்டபக்காரன் மாதிரி
ஜமுக்காளத்தையும் ஜெனரேட்டரையும் தனித்தனியாய் எழுதுகிறான்.
மூன்றாமவனிடம் எல்லாமே பாதி விலை.

டேட்டா உள்ளே வர யாரும் காசு கேட்பதில்லை,
வெளியே போகத்தான்.
வாய்க்கால் இலவசம், வடிகாலுக்கு வரி.
கார்த்திகையில் இந்த ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

மூன்றாமவன் பெயருக்குப் பச்சை அடிக்கும்போது
போன். கோட்டூரிலிருந்து, ரஹ்மத்நிஷா.
"உங்க ஆப்புல மணிக்குக் கம்மின்னு காட்டுனது டயர் வண்டி.
சேத்துல இறங்கி நின்னுடுச்சு.
நின்ன நேரத்துக்கும் சேத்து வாங்கிட்டுப் போறான்.
செயின் வண்டி மணிக்கு எண்ணூறு கூட,
ஆனா ரெண்டு மணியில முடிச்சிருப்பான்.
மணிக்கு எவ்வளவுன்னு ஏன் போடுறீங்க?
மாவுக்கு எவ்வளவுன்னு போடுங்க."

மன்னிப்புக் கேட்டேன். புகார் எண் கொடுத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
தாளில் ஒரு பத்தி புதிதாய்ச் சேர்த்தேன்:
ஒரு புக்கிங்குக்கு எவ்வளவு.

மாசிக் கணக்கில் மூவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.
மூன்றாமவன் மட்டும், சோதனையில்,
புது நோடு எழுப்ப பதினொரு நிமிடம் எடுத்தான்.
அறுப்பு உச்சத்தில், ராத்திரி ஒன்பதுக்கு,
அதற்குள் புரோக்கருக்கு போன் போய்விடும்.

போன கார்த்திகையில்தான் கை நின்றது.
மாதம் முழுக்கப் பதினான்கு புக்கிங்.
ஊரே முட்டளவுத் தண்ணீரில் நிற்க
மூன்று நோடுகள் இரவும் பகலும் ஓடியிருக்கின்றன,
பச்சை விளக்கோடு, ஒரு குறையும் இல்லாமல்,
சேற்றில் நின்றபடி மீட்டர் ஓடும் டயர் வண்டி.
ஓட்டியது நான்.

செல்வமேரிக்கு எழுதுகிறேன்:
மூவரும் வேண்டாம். தை வரைக்கும்
ஒரு சின்ன சர்வர் போதும்.
அழிக்கிறேன்.
வங்கிக் கடன் விண்ணப்பத்தில்
கிளஸ்டர் என்ற வார்த்தையைத்
தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுத்ததும்
நான்தான்.