ஆறாவது உறுப்பு

லான்சோவில் பனி இன்னும் விடவில்லை.
மருத்துவர் பெய்யின் மூன்று விரல்கள்
யிங்லானின் மணிக்கட்டில்.
சுவரில் ஒரு படம்:
சேர்த்து வைப்பவை ஐந்து,
கடத்தி விடுபவை ஆறு.

ரயில் சரக்குக் கிடங்கில் கணக்கெழுதுகிறவள்,
உடனே பிடிபட்டது.
குடல் வாங்கி அனுப்பும்.
சிறுநீரகம்
பயத்தைக்கூடப் பூட்டி வைக்கும்.
மண்ணீரல் இங்கும் மண்தான்.
நாம் கல் என்கிற ஈரல்மட்டும் மரம்,
கோபம் வந்தால் கிளை முறுக்கும்.

எண்ணிப் பார்த்தாள். "ஆறில் ஐந்துதானே இருக்கிறது?"

"அது மூவனல். பெயர் உண்டு, உருவம் இல்லை"
சீட்டில் அதிமதுரம் எழுதிக்கொண்டே சொன்னார்.
"அறுத்துப் பார்த்தாலும் அகப்படாது.
அது இல்லாமல்
உடம்பில் ஒரு சொட்டு நீர் நகராது."

வீட்டு இழுப்பறையில்
குடும்பப் பதிவேடு.
மூன்றாம் பக்கத்தில் மகன் பெயர்.
நீக்கச் சொல்லி
இரண்டு முறை கடிதம் வந்தாயிற்று.

கிடங்கில் இப்படியோர் இனம் இருந்தால்
அன்றைக்கே சிவப்பு மையால் அடித்திருப்பாள்.

"நாக்கை நீட்டுங்கள்."

நீட்டினாள்.
எங்கிருந்தோ நகர்ந்து வந்தது நீர்,
கண்ணுக்கு.
அவர் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.