ஆரஞ்சுப் பூ, மெழுகில்

நூற்று நாற்பத்து நான்கு மொட்டுக்கு
ஒன்பது காசு.
பஞ்சை உருட்டி, கம்பியில் குத்தி,
விரல் பொறுக்காத சூட்டு மெழுகில்
ஒரு முக்கு, ஒரு சுழற்று,
பிறகு கயிற்றில் தலைகீழாய்த் தொங்கவேண்டும்.
சென்-தெனி தெரு, நான்காம் மாடி,
சன்னலெல்லாம் பனி பூத்த ஜனவரியில்
நாங்கள் பதினோரு பேர்
பாரிஸின் கல்யாணங்களைச் செய்துகொண்டிருந்தோம்.

எங்களில் ஒருத்தியும்
ஆரஞ்சுப் பூவை முகர்ந்தவள் இல்லை.
எங்கள் பூவுக்குப் பசையின் வாடை.

கீழே கடையில் மதாம் வெர்னுவா
பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கதை சொல்வாள்:
சிலுவைப் போருக்குப் போனவர்கள்
கிழக்கிலிருந்து கொண்டுவந்த வழக்கமாம்.
அதற்கு முன்பு ரோஸ்மேரி,
அதற்கும் முன்பு கோதுமைக் கதிர்,
பேய் அண்டாதிருக்கப் பூண்டுகூட.
சொல்லச் சொல்ல
ஒரு நூற்றாண்டு கூடும்,
விலையும் கூடும்.

தேர்ந்தெடுப்பவள் மணப்பெண் அல்ல.
நான் பார்த்தவரை தாய்,
சில சமயம் அத்தை,
ஒருமுறை பாதிரியார்.
நோட்டரியின் மகள் லியோக்கதி
வயலட் கேட்டாள், சின்னக் குரலில்.
"அது விதவைகளுக்கு" என்றாள் தாய்.
கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி,
கடைசியில் வெள்ளை மொட்டு முப்பத்தாறு.
முப்பத்தாறும் என் கைவேலை.

மொட்டு என்றால் தொடப்படாதவள்.
விரிந்த பூ அங்கங்கே இருக்கலாம், அளவோடு.
மறுமணக்காரிக்கு மொட்டே கிடையாது.
மாதம் மூன்று தள்ளிப்போனவளுக்கு?
யாரிடமும் கேட்கவில்லை.
என் பாவாடைக் கொக்கி மட்டும்
ஒரு கண்ணி தள்ளி மாட்டிக்கொண்டது.

அன்சேல்ம் லுக்சம்பூர் தோட்டத்தில் வண்டி இழுக்கிறவன்.
குளிருக்கு உள்ளே அடைத்த மரங்களை
மே மாதம் பெட்டியோடு வெயிலுக்குக் கொண்டுவருவார்கள்.
"வா, உன் பூவைப் பார்" என்றான்.

பார்த்தேன்.
ஒரே கிளையில் மொட்டு, பூ,
பூவை ஒட்டிப் பட்டாணி அளவில் பிஞ்சு,
அதற்கும் மேலே
விழ மனமில்லாத போன வருடத்துப் பழம் ஒன்று.
எதையும் மறைக்கத் தோன்றாமல்
எல்லாவற்றையும் ஒன்றாகத் தாங்கி நின்றது மரம்.
வாசனையைப் பற்றி என்ன சொல்ல,
மூக்கு கூசியது, கொஞ்சம் கோபமும் வந்தது:
ஏழு வருடமாக நான் செய்தது
அரை மரம்.

என் கிரீடத்தை நானே கட்டினேன், இரவில்.
மொட்டு, விரிந்த பூ,
இடது காதோரம்
பச்சை மெழுகில் ஒரு பிஞ்சு.
மதாம் கண்டுபிடித்துவிட்டாள்.
சாயத்துக்கு என்று கூலியில் இரண்டு காசு பிடித்தாள்,
வேறெதுவும் பேசவில்லை.

அன்சேல்மின் தாய் ஃபிலொமேன்
நகர மன்றப் படியில் வைத்துக் கேட்டாள்:
"இதென்ன, பட்டாணியா?"
"பிஞ்சு."
கிரீடத்தைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள்.
படியில் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.
பிறகு சாய்ந்திருந்ததை நிமிர்த்தி
ஒரு ஊசி செருகினாள்,
கொஞ்சம் அழுத்தமாகத்தான்.

மதுக்கடை மாடியில் ஆட்டம், ஜூன் வெக்கை.
மொட்டுகள் இளகி
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
மறுநாள் காலை
அன்சேல்ம் சீப்பும் கையுமாய் அரைமணி நேரம்
என் தலையிலிருந்து என் வேலையைப் பிரித்தெடுத்தான்.
பிஞ்சு மட்டும் குலையவில்லை.

அதனுள் பஞ்சு வைக்கவில்லை நான்.
அன்று காவல்காரன் அந்தப்பக்கம் திரும்பியபோது
அந்தப் பழத்தைப் பறித்துத் தந்தான் இவன்.
ஆளுக்கொரு சுளை.
அப்படியொரு கசப்பு!
சிரித்துச் சிரித்துத் துப்பினோம்,
விதை ஒன்றைத் தவிர.