பின்வரிசையில், இடமிருந்து மூன்றாவது

சைலாவின் வீடியோக்களில் எனக்குப் பிடிக்காதது
அவள் ஓடுவதுதான்.
முதல் சரணத்தில் ஓடத் தொடங்கினால்
கடைசிப் பல்லவி வரைக்கும் ஓட்டம்.
மூச்சே வாங்காது.
நான் எட்டாம் எண் பேருந்துக்காக
அறுபதடி ஓடிவிட்டு
ஓட்டுநருக்கு வணக்கம் சொல்ல வராமல்
தலையை மட்டும் ஆட்டுகிறவன்.

மழையும் அப்படித்தான்,
பல்லவிக்கென்றே காத்திருந்து கொட்டும்.
எங்கள் ஓலுவில் வானம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.
அக்டோபரில் விழத் தொடங்குகிற பனி
ஏப்ரலில் அதுவாகச் சலித்துப்போய்த்தான் நிற்கும்.
அதை வழித்து ஓரம் தள்ளுவது என் வேலை.
இரவு இரண்டு மணி, வண்டியின் கூண்டுக்குள்
நானும் ஒரு குடுவைக் காப்பியும் சைலாவும்.
டீசல் நிரம்பும் ஒன்பது நிமிடத்தில்
இரண்டு வீடியோ பார்க்கலாம்,
ஓட்டம் குறைவென்றால் மூன்று.

ஏரியில் டெலிபோனை வீசும் பாட்டு:
நல்ல மெட்டு, ஆனால் ஒவ்வொரு முறையும்
அதை யார் இறங்கி எடுப்பார்களோ என்ற யோசனையில்
நடுவில் வரும் கிதாரைத் தவற விடுகிறேன்.
குதிரைப் பாட்டு, குதிரைக்காக மட்டும்.
அது ஒரு கணம் கேமராவைப் பார்த்துவிடுகிறது;
வெட்டி எறியாமல் விட்டவன் நன்றாக இருக்கட்டும்.
எனக்கு உயிரான பாட்டுக்கோ வீடியோவே கிடையாது.
நல்லவேளை.
நானே ஒன்று வைத்திருக்கிறேன்:
சூப்பர் மார்க்கெட்டின் வெறிச்சோடிய வண்டி நிறுத்தம்,
சுழலும் ஆரஞ்சு விளக்கு,
மைனஸ் இருபத்திரண்டில், தலையில் ஒரு மெத்தையோடு
எங்கிருந்தோ எங்கேயோ போகும் மனிதன்.
ஒரே ஷாட்.
ஒருமுறைதான் நடந்தது.

பாட்டைக் கண்ணால் பார்க்கிறவன்
சூப்பை முள்கரண்டியால் குடிக்கிறவன்
என்பான் டவுனோ.
சொல்லிவிட்டுப் போகட்டும்,
அவன் நீச்சல்குளப் பாட்டைப் பார்த்ததில்லை.

தண்ணீர் வடித்த குளம். நீல ஓடுகள்.
மஞ்சள் தொப்பியில் பதினாறு பேர் ஆட
முன்னால் சைலா, அதிசயமாக ஓடாமல்.
பின்வரிசையில், இடமிருந்து மூன்றாவது பெண்:
எல்லோர் கையும் இறங்கிய பிறகு
அவள் கை இறங்கும்.
அரைத் தாளம், அவ்வளவுதான்.
பதினேழு வருடமாக
சைலாவை விட்டுவிட்டு அவளைத்தான் பார்க்கிறேன்.
"காதலா?" என்று கேட்டாள் என் மனைவி ஹெல்லேவி.
கவலை என்றேன்.
அடுத்த அடியை அவள் பிடித்துவிட வேண்டுமே என்று.
பிடித்துவிடுகிறாள், ஒவ்வொரு முறையும்.
அதெல்லாம் தெரியும். இருந்தாலும்.

பிப்ரவரியில் என் வலது தோள்
நெம்புகோலை இழுக்க மாட்டேன் என்றது.
இயன்முறை மருத்துவர் பெயர்ப்பட்டையில் அனெலி கர்ஹுமா.
குப்புறப் படுத்தால் தெரிவதெல்லாம்
தரையும் அவருடைய வெள்ளைச் செருப்பும்.
ஜன்னலோர ரேடியோவில்
சொல்லிவைத்தாற்போல் நீச்சல்குளப் பாட்டு.
நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை,
கட்டைவிரல் மட்டும் என் தோள்பட்டையில்
தாளத்துக்கு இறங்க ஆரம்பித்தது.
தாளத்துக்கு அல்ல,
தாளம் போன பிறகு.

தலையைத் தூக்கிக் கேட்டேவிட்டேன்:
"மஞ்சள் தொப்பியா?"

விரல் நின்றது.
"நான் பிந்தவில்லை," என்றார்.
"மீதிப் பதினைந்து பேரும் முந்திவிட்டார்கள்."
பிறகு, அசையாமல் படுங்கள் என்றார்.
மூச்சை விடுங்கள் என்றார்.
விட்டேன்.

அன்றிரவு டீசல் ஊற்றும்போது மறுபடி பார்த்தேன்.
ஒலியை அணைத்துப் பார்த்தால்
அவர் சொல்வதும் சரியென்றே பட்டது:
பதினைந்து பேர் எதற்கோ அவசரப்படுகிறார்கள்,
ஒருத்தி அவசரப்படவில்லை.
ஒலியோடு இன்னொரு முறை பார்த்தேன்.

அவர்தான்.
பிந்தியது அவரேதான், சந்தேகமே இல்லை.

சொல்லப் போவதில்லை.
அந்த மேசையில் இன்னும் நான்கு முறை
நான் குப்புறப் படுத்தாக வேண்டும்.