இரண்டு என்றால்

மஞ்சக்குப்பம், கட்டுப்பாட்டு அறை,
இரவு ஒன்றே முக்கால்.
ஏ.சி. சொட்டுகிற இடத்தில்
யாரோ வைத்துப்போன பிரியாணி டப்பா
விளிம்பு வரை நிறைந்திருக்கிறது.

சாயங்காலம் பூங்காவனம் போன் செய்தாள்,
சொத்திக்குப்பத்திலிருந்து.
"கடலுக்குப் போலாம்னு மெசேஜ் அனுப்புறீங்க.
அங்க ஹார்பர்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்துறாங்க.
எந்தக் கை எழுதுச்சு அத?"

இந்தக் கைதான்.
ஸ்கிரிப்டின் தலையில் என் பெயர் இருக்கிறது,
கூடவே தேதியும், கொஞ்சம் பெருமையும்.

நாற்பத்தொரு வரி.
வானிலை அறிக்கையைத் திற, கூண்டு எண்ணைத் தேடு,
கிடைத்தால் ஒரு செய்தி
கிடைக்காவிட்டால் வேறொன்று.

முதலில் மாட்டியது சதுர அடைப்பு.
பார்க்கத்தான் அது குறி, உண்மையில் கட்டளை.
பக்கத்துச் சொல்லோடு ஒட்டி எழுதிவிட்டால்
தன் பெயரே தனக்குத் தெரியாமல் முழிக்கும்.
ஒரு இடைவெளி விட்டேன்.
உப்பனாற்றில் நெருக்கிக் கட்டிய படகை
ஒரு முழம் தள்ளிக் கட்டியது போல
மூச்சு வந்தது அதற்கு.

அப்புறம் எண்.
ஒன்றைத் தேடு என்றால்
பத்துக்குள் நிற்கிற ஒன்றையும் பிடித்துவரும்,
பதினொன்றையும் விடாது,
சுருக்குமடி வலை மாதிரி
குஞ்சு குளுவானோடு வாரிக்கொண்டு.
இரண்டு பக்கமும் எல்லை வைத்தேன்.
இனி ஒன்று என்றால் ஒன்றுதான்.

காலியாக வருகிற மாறியை
மேற்கோளுக்குள் உட்கார வைத்தேன்.
ஒன்றுமில்லாததும் ஒரு இடத்தை அடைக்க வேண்டுமாம்.

ஓட்டினேன்.
மறுபடி அதே பதில்:
போகலாம்.

மணி இரண்டே கால்.
கோப்பைத் தேடினேன். கோப்பே இல்லை.
நேற்று மதியம் வரவேண்டிய அறிக்கை
வந்து சேரவேயில்லை.

இந்த மொழியில் சுழியம் என்றால் கிடைத்தது.
ஒன்று என்றால் கிடைக்கவில்லை.
இரண்டு என்றால்
தேடவே முடியவில்லை.
நான் சுழியத்தை ஒரு பக்கம் வைத்து
மீதியை எல்லாம் மறுபக்கம் தள்ளியிருக்கிறேன்.
'தெரியாது' என்று வந்ததை
'ஒன்றுமில்லை' என்று மாற்றி
இருபத்துமூன்று குப்பங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அஞ்சு படகு போனதாம்.
நாலு பொழுதோடு திரும்பிவிட்டது.
ஐந்தாவது ஒன்பது மணிக்கு,
எஞ்சின் நனைந்து, இன்னொன்றின் கயிற்றில்.

மூன்றாவதாக ஒரு கிளை எழுதுகிறேன்.
என்ன சொல்வது அதில்?
'தொழில்நுட்பக் காரணங்களால்' — அழித்தேன்.
'பரிசீலனையில் உள்ளது' — அதையும்.
'வானத்தைப் பார்த்துக்கொள்ளவும்' என்று வந்தது,
வெட்கமாயிருந்தது,
எங்களுக்கு முன்பே அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசியில் நின்றது இவ்வளவுதான்:
அறிக்கை வரவில்லை.
கடல் எப்படி என்று எங்களுக்குத் தெரியாது.
தெரியும்வரை போகாதீர்கள்.

வேண்டுமென்றே கோப்பை நீக்கிவிட்டு ஓட்டினேன்.
மேஜை மேல் என் போன் அதிர்ந்தது:
எங்களுக்குத் தெரியாது.

காலையில் தாசில்தார் படித்துவிட்டுக் கேட்பார்,
"கவர்மென்ட் இப்படிச் சொல்லலாமாம்மா?"

சேமித்துவிட்டேன்.
டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து,
தளும்பாமல்,
வெளியே கொட்டப் போகிறேன்.