அரைப் பேர்

சொல்வேய் அக்காவுக்கு நான் முதன்முதலாகத்
தப்பாகச் சொல்லிக் கொடுத்தது 'பேர்'.

செவனம்மா கைப்பிள்ளையோடு வந்து
"நேத்து அரைப் பேருதான் போட்டாங்க" என்றாள்.
அப்படியே இங்கிலீசில் சொன்னேன்:
நேற்று இவளுக்குப் பாதிப் பெயர்தான் கொடுத்தார்களாம்.
அக்கா பேனாவை நிறுத்தினார்.
மீதிப் பெயர் யாரிடம் இருக்கிறது?

பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர்,
குறைந்தால் அரை,
மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம் என்று
விளங்கப்படுத்தி முடிப்பதற்குள்
தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது.
பிள்ளையின் அட்டையிலும் பெயர்க் கட்டம் வெறுமை.
தகப்பன் கொழும்பிலிருந்து வரட்டுமென்று
இன்னும் வைக்கவில்லை.
வயது ஐந்து மாதம். எடை மூன்று கிலோ தொள்ளாயிரம்.

மடுல்சீமைக்கு மேலே, பஸ் ஏறாத பிரிவில்,
பூட்டிக் கிடந்த பிள்ளைக் காம்பராவைத்
தொரை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்.
நோர்வேயிலிருந்து வந்த புருசன் பெண்டாட்டி.
அவர் விதையோடு, இவர் மருந்தோடு,
வேதப் புத்தகம் இருவருக்கும் ஒன்று.

ஐனார் அண்ணன் மண்ணைக் கிள்ளி மோந்து பார்ப்பார்,
துளி நாக்கில் வைப்பார்.
"நல்ல மண்" என்பார், அவருக்குத் தெரிந்த முழுத் தமிழும் அது.
லயத்துக்குப் பின்னால் போஞ்சி போடுங்கள்,
கோழி எருவைக் கூட்டிச் சேருங்கள் என்று
அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன்.
பின்னால் குந்தியிருந்த தவசி கேட்டார்:
"வளந்த பொறகு கம்பெனி புடுங்கச் சொன்னா
வேரையும் நாமளே புடுங்கணுமா,
இல்ல அதுக்கு ஆள் வருமா?"
காம்பரா அதிரச் சிரித்தது.
என்ன சொன்னார் என்று அண்ணன் கேட்டார்.
நன்றி சொல்கிறார் என்றேன்.

செவ்வாய்க்கிழமை தராசு.
இருபத்தைந்து வரை எண்கள் உள்ள வட்ட முகம்,
கீழே கொக்கி, கொக்கியில் நீலத் துணித் தூளி,
கால் நுழைய இரண்டு ஓட்டை.
ஒவ்வொரு முறையும் அக்கா
முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தித் தாய்க்குக் காட்டிவிட்டுத்தான்
பிள்ளையைத் தூக்கி வைப்பார்.
பார், ஒன்றும் இல்லை. இனி உன் பிள்ளை.
எல்லாத் தாயும் பிள்ளையைப் பார்த்தார்கள்.
செவனம்மா பூச்சியத்தைப் பார்த்தாள்.

மழை விட்ட ஒரு மத்தியானம்
படங்குச் சாக்கோடு, சேற்றுக் காலோடு உள்ளே வந்தாள்.
தூளியைக் கழற்றினாள்.
கொழுந்துப் பையைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் ஆடி ஆடிப் பத்தொன்பதில் நின்றது.
பின்னாலேயே வந்த அங்கம்மாவின் பை இருபத்தொன்று.
மடுவத்துத் தராசில் அதே பைகள்
பதினைந்து, பதினேழு.
தண்ணிக்கு இரண்டு கழிவு, பைக்கு ஒன்று,
எதற்கென்று கணக்கப்பிள்ளை சொல்லாத ஒன்று.

அன்றைக்கு மட்டும் நான் வாய் திறக்கத் தேவைப்படவில்லை.
அட்டைகள் தொங்கும் ஆணியில்
அக்கா ஒரு கொப்பியை மாட்டினார்.
மாதம் முடிய அதில் இருபத்தேழு பெண்கள்,
எல்லாம் முழுப் பெயர்.

பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள்.
தொரை பேசியது நல்ல இங்கிலீசு,
நான் வெளியே செருப்புகளோடு நின்றேன்.
அன்றிரவு காம்பராவில்
அவர்கள் சொந்தப் பாஷையில் சண்டை.
எனக்கு விளங்கியது இரண்டே சொல்.
அவர் திரும்பத் திரும்பப் 'போஞ்சி' என்றார்.
அக்கா 'செவனம்மா' என்றார்.

விசா நீளவில்லை. என் சம்பளமும் அந்த மாதத்தோடு சரி.
பசறை வரை ஜீப்பில் கூடப் போனேன்.
அக்கா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை.
மூன்றாவது வளைவில் அண்ணன் கேட்டார்:
அந்த மனிதர் அன்று நன்றியா சொன்னார்?

இந்த முறை சொல்லுக்குச் சொல் சொன்னேன்,
வேர், ஆள், எல்லாம்.
அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்,
ஜீப் குலுங்கக் குலுங்க எழுதினார்,
தவசிக்கு எழுத்துக்கூட்டும் கேட்டார்.

தராசு எங்கே என்று இருவருமே கேட்கவில்லை.