முட்டுக்கட்டை

முனீஸ்வரன் கோவில் தெருவில்
கதவில்லாத நிலைகள் சாய்ந்து நிற்கின்றன.
பர்மாத் தேக்கு என்று தட்டிக்காட்டுகிறார் சிக்கந்தர்.
சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.
மீன்தராசில் மாட்டித் தூக்கினேன்,
ஒரு கிடாருக்கான துண்டே ஐந்து கிலோ.
ரெஜினாளுக்கு இடது தோளில் பிசகு;
கல்யாண மேடையில் மூன்று மணிநேரம் நிற்பவள்.

"அப்ப பலா. வீணைக்கே அதுதானே?"
இதற்கு வயிறு கிடையாது, பாய்.
கம்பியை மட்டும்தான் காந்தம் கேட்கும்,
மரம் சும்மா நிற்கும் என்பான் என் தம்பி.
சும்மா நிற்பதிலும் வித்தியாசம் உண்டு,
பந்தியில் பார்த்திருக்கிறேன்.

"பிக்கப் கொண்டாந்திருக்கீங்களா?"
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.
அவர் கேட்டது வண்டியை.
இது பழைய கிடாரில் கழற்றியது.
பலகைமேல் மெல்ல நகர்த்தினால்
உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி
விரலோடு சேர்த்து இழுக்கும்.
தேக்கில் ஏழு.
பலாவில் ஒன்றே ஒன்று,
சரியாகக் கழுத்து பொருந்தும் இடத்தில்.

கிளம்பும்போது கண்ணில் பட்டது
கல்தூண் உருளாமல் அண்டை கொடுத்திருந்த மலைவேம்பு.
ஓரத்தில் சுண்ணாம்பு, கோழி எச்சம்.
நாலு பேர் தூணைப் புரட்ட, உருவி எடுத்தேன்.
மூன்றரை. இழைத்துக் குடைந்தால் இரண்டுக்கு வரும்.
காந்தம் எங்கும் நிற்கவில்லை.
முட்டியால் தட்டினேன்:
டொக் என்றது,
கொஞ்சம் யோசித்துத்தான் வாயை மூடியது.

"இது என்ன விலை?"

கேட்ட நொடியில் அதற்கும்
கானாடுகாத்தானில் ஒரு வீடு,
ரங்கூனிலிருந்து ஒரு கப்பல்.