முடிக்காததற்கு ஒரு சான்று

வாயை மூடிக்கோம்மா என்றார் மேச்சேரி ஸ்டுடியோக்காரர்.
விண்ணப்பக் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை.
வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.
ஆனாலும் மூடிக்கொண்டேன்.
எங்கள் ஊரில் யாரும் சொல்லாமலே மூடுவார்கள்.
போர்த்தண்ணீர் எழுதிய பழுப்புக் கோடுகள்,
பல்லுக்குப் பல், நாலுவரி நோட்டு மாதிரி.
பால்பல் விழும்வரைதான் எங்களுக்கு வெள்ளைச் சிரிப்பு.

அக்காவுக்கு முத்துநகை என்று பேர்.
அப்பா ஆசையாக வைத்தது.
அந்த வருஷம்தான் தெருவில் முதல் போர் போட்டார்கள்.

நீட்டில் முந்நூற்று எழுபத்தெட்டு.
"எம்பிபிஎஸ் கஷ்டம். பிடிஎஸ் வந்தாலும் வரும்"
இ-சேவை மையத்துச் சதாசிவம் அண்ணன்
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்.
"பல்லு டாக்டருன்னா அரை டாக்டருதான?" என்றார்
பட்டா நகலுக்கு வரிசையில் நின்றவர்,
கடைவாயில் கிராம்பை அடக்கியபடி.

பிறகு தாள்கள்.
ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதற்கு
இரண்டு தலைமையாசிரியர்களின் பச்சை மை.
மாதையன் என்கிற என் அப்பா
சாதிச் சான்றில் ஒரு ஹெச் குறைந்திருந்தார்.
அந்த ஹெச்சுக்காக மேட்டூர் தாலுகா ஆபீசுக்கு நான்கு நடை.
எல்லாம் இருநூறு கேபிக்குள் அடங்க வேண்டும்.
அப்பாவின் கைநாட்டு அடங்கவில்லை.
சதாசிவம் அண்ணன்தான் சுருக்கினார்.

கடைசியாக, முதல் பட்டதாரிச் சான்று.
வீட்டில் வேறு யாராவது காலேஜ் போனார்களா
என்று கேட்டார் ஆர்.ஐ.
அக்கா போனாள் என்றேன்.
முடித்தாளா?
இல்லைங்க.
"அதுக்கு ஆதாரம் கொண்டா."

முடித்தால் தாள் தருவார்கள், தெரியும்.
முடிக்காததற்கும் தருவார்களா?

தருகிறார்கள்.
சேலத்தில், வியாழக்கிழமைகளில், பதினொரு மணிக்கு மேல்.
ஜவுளிக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு
யூனிஃபார்ம் சேலையோடு வந்தாள் அக்கா.
பி.எஸ்சி. விலங்கியல், மூன்றாம் செமஸ்டர்,
அப்பா லாரி மேலிருந்து விழுந்த மாசம்.
கிளார்க் பழைய ரிஜிஸ்டரில் விரலை ஓட்டி
அவள் பேரில் நிறுத்தினார்.
பேருக்கு எதிரே சிவப்பு மையில்: இடைநின்றவர்.
அக்கா எம்பிப் பார்த்தாள்,
ரிசல்ட் ஒட்டிய பலகையைப் பார்க்கிறவள்போல.
"பாக்கி நானூத்தம்பது இருக்கு."
கட்டினாள்.
உட்காராத வகுப்புக்கு ரசீது கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மாமாங்கம் தாண்டும்போது
வெள்ளைக்கல் குவாரி மேடு வெயிலில் கூசியது.
"சேர்வராயன் ராத்திரிக்குக் கழட்டி வெச்ச பல்செட்டு" என்றாள்.
ஜன்னல்பக்கம் திரும்பிச் சிரித்தேன்.
அவளும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்து.
ஓமலூர் வரை ஒன்றும் பேசவில்லை.
அப்புறம் கேட்டாள்:
"ஏண்டி, இந்தக் கறையெல்லாம் எடுக்க முடியுமா?"
"முதல்ல சீட்டு வரட்டும்."
"சும்மா கேட்டேன்."

சரிபார்ப்பு மேசையில் இருந்த அம்மாவுக்கு
விரலில் ரப்பர் தொப்பி.
மதிப்பெண், சாதி, இருப்பிடம், வயது பதினேழு ஆகிவிட்டதா,
ஒவ்வொன்றிலும் ஒரு டிக்.
அக்காவின் தாள்
முன் தாளோடு ஒட்டிக்கொண்டு புரண்டுவிட்டது.
சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்த ஆள் என்றார்.

அசல்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள்.
வீட்டில் அந்த ஒன்றை மட்டும் அக்கா கேட்டு வாங்கினாள்.
இனி இது எதுக்குக்கா என்றேன்.
"எம்பேர்ல காலேஜ் குடுத்த சர்ட்டிபிகேட்டு
இது ஒண்ணுதான்டி."
பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள்.

ஒதுக்கீட்டுப் பட்டியல் வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.
காவிரித் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை.
குடத்தைக் கொண்டுபோய்
போரடியில் வைத்தேன்.